ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?

ஏசி வாங்கப் போகிறோம்; மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சுதான். கடைக்காரர் அறையின் நீள அகலத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒரு டன் போதும் என்றார். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, மேற்குச் சுவர் முழுக்க வெயில் என்று நானாகச் சொன்ன பிறகுதான் ஒன்றரைக்கு மாறினார். இரவு பத்து மணிக்கும் அந்தச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது.

டன் என்றால் மெஷினின் எடை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன் (சிரிக்காதீர்கள்). ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவை அறையிலிருந்து வெளியேற்றும் திறன் அது. ஏறக்குறைய 3.5 கிலோவாட்.

அதற்காக "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு டன் வாங்குவதும் தப்பு. பெரிய மெஷின் அறையைச் சட்டென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும்; காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க நேரம் போதாது. குளிரும் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும்.

இன்வெர்ட்டர் ஏசிதான் என்பதில் சண்டையே இல்லை. கம்ப்ரசர் நின்று நின்று ஓடாமல், தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவெல்லாம் போடுகிற எங்களுக்கு அதுதான் சரி.

அப்புறம் அவுட்டோர் யூனிட். பால்கனி மூலையில் இடம் இருக்கிறது, ஆனால் துணிக்கொடியும் அங்கேதான். அனல் காற்றில் துணி சீக்கிரம் காயுமே என்றேன். "உன் மெஷினை வேறெங்காவது மாட்டிக்கொள்" என்றுவிட்டார் அம்மா.