உப்பு மூட்டையைப் பிரிப்பதற்கு முன்

நடைபாதையில் பனி இறுகிவிட்டால் முதலில் கை போவது உப்பு மூட்டைக்குத்தான். அள்ளி வீசிவிட்டு, அத்தனையும் கரைந்து ஓடட்டும் என்று காத்திருப்பார்கள். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. பனியை முழுசாகக் கரைத்துத் தீர்ப்பது உப்பின் வேலை அல்ல. தரைக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே உள்ள பிடியை விடுவித்தால் போதும், மிச்சத்தைப் பாளம் பாளமாகப் பெயர்த்துத் தள்ளிவிடலாம்.

பனி விழுந்த கையோடு, யாரும் மிதித்து அழுத்துவதற்குள் வழித்துவிட்டால் பல நாள் உப்பே தேவைப்படாது. பேவர் கல், இயற்கைக் கல் பதித்த தரை என்றால் பிளாஸ்டிக் விளிம்புள்ள ஷவல் வாங்குங்கள். இரும்பு விளிம்பு கல்லின் ஓரங்களைக் கொத்திவிடும்.

அடுத்தது வெப்பநிலை. வானிலைச் செயலி சொல்வது காற்றின் வெப்பநிலை, உப்புக்கு வேண்டியதோ தரையின் வெப்பநிலை. கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தரைக்கு நேரே காட்டினால் தெரிந்துவிடும். சாதாரணக் கல்லுப்பு, அதாவது சோடியம் குளோரைடு, −1 டிகிரி செல்சியஸில் தன் எடையைப்போல் 46 மடங்கு பனிக்கட்டியைக் கரைக்க வல்லது. −7 டிகிரியில் அது எட்டரை மடங்காகச் சுருங்கும். −12க்கு வந்தால் ஐந்து மடங்குகூட இல்லை, அதற்கும் வெகுநேரம் பிடிக்கும். சோடியம் குளோரைடு −21 வரை தாங்கும் என்று சொல்லப்படுவது 23 சதவீதக் கரைசலின் உறைநிலை. உங்கள் வாசற்படிக்குப் பொருந்தாத சோதனைக்கூடக் கணக்கு. தரை −9க்குக் கீழே போன பிறகு கல்லுப்பைக் கொட்டுவது வீண் செலவு.

அந்தக் குளிருக்கு மக்னீசியம் குளோரைடு சுமார் −15 வரை கைகொடுக்கும், கால்சியம் குளோரைடு −25ஐயும் சமாளிக்கும். கால்சியம் குளோரைடு கரையும்போது தானே சூடு விடுவதால் வேகமும் அதிகம். ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுவென்று நிற்கும், செருப்போடு வீட்டுக்குள் வரும், ஈரக் கையால் தொட்டால் எரியும். மூட்டையைத் திறந்து போட்டுவிட்டால் அடுத்த வாரம் ஒரே பாறைதான்.

இப்போது கான்கிரீட். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். மேற்பரப்பு செதிள் செதிளாக உரிவதற்கு உப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, உப்பு இழுத்து வைக்கும் ஈரமும், கரைந்து கரைந்து மறுபடி உறைவதும் சேர்ந்தே இதைச் செய்கின்றன. இதில் பலரும் எதிர்பாராத ஒன்று: அடர்த்தியான உப்புநீரைவிட 3 சதவீத அளவில் நீர்த்துப்போன கரைசல்தான் மிக மோசமாக உரிக்கிறது. ஆகவே உப்பு போட்டபின் சேறுபோலக் குழையும் பனியை அப்படியே விட்டுவிடாமல் உடனே தள்ளிவிடுங்கள். அது மறுபடி உறைந்தால் வழுக்கலும் வரும், கான்கிரீட்டும் கெடும். புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்கு முதல் குளிர்காலத்தில் மணல் மட்டும்தான். மக்னீசியம் உப்பு சிமென்ட்டின் பிணைப்பையே மெல்ல அரிக்கும் என்பதால் பழைய கான்கிரீட்டிலும் அதைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம். அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் உரங்களைப் பனிக்குத் தூவுவது கான்கிரீட்டுக்கு விஷம் வைப்பது போல. யூரியா அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் −4க்குக் கீழே அதனால் பெரிதாகப் பயனில்லை, நைட்ரஜனும் சாக்கடை வழியே நீர்நிலைக்குப் போகும். மூட்டையின் முகப்பில் ‘செல்லப்பிராணிகளுக்குப் பாதுகாப்பானது’ என்று இருப்பதை நம்பாமல், பின்பக்கம் திருப்பி என்ன உப்பு என்று பாருங்கள்.

அளவு? சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிராம். ஒரு காபி மக் உப்பு, தோராயமாக 350 கிராம், 20 சதுர மீட்டருக்குத் தாராளம். தூவியபின் குனிந்து பாருங்கள்: ஒரு உப்புக் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் ஏழெட்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. தரை காய்ந்தபின் காலடியில் நறநறத்தால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள். பெருக்கி எடுத்து வாளியில் வைத்தால் அடுத்த பனிக்கு ஆகும்.

இதைவிடச் சிக்கனமானது, பனி விழுவதற்குச் சில மணி நேரம் முன்பே உப்புநீர் தெளிப்பது. 10 லிட்டர் நீருக்கு 3 கிலோ உப்பு, முழுதும் கரையும்வரை கலக்குங்கள். தோட்டத் தெளிப்பானால் 10 சதுர மீட்டருக்குக் கால் லிட்டர் கோடு கோடாக அடித்தால் போதும். மழையில் தொடங்கிப் பனியாக மாறும் நாளில் இது வேலைக்காகாது, அத்தனையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

வெந்நீர் ஊற்றுவதும் தீயால் சுடுவதும் வேண்டவே வேண்டாம். வெந்நீர் நிமிடங்களில் கண்ணாடிப் படலமாக உறையும், தீச்சுடர் கான்கிரீட்டை வெடிக்க வைத்துத் தாரை இளக்கும். −20 போன்ற கடுங்குளிரில் பருமணல்தான் எளிய வழி. கரைக்காது, கால் பிடிக்கும். மணலுக்குப் பதிலாக, வீட்டுப் பூனையின் கழிவுத் தட்டில் போடும் களிமண் வகைப் பூனை மணலைத் தூவ வேண்டாம், நனைந்தால் குழைந்து தானே வழுக்கும்.

தினமும் ஒரே இடத்தில் பனிக்கட்டி கட்டினால் தரையை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள். மழைநீர்க் குழாயின் வாய் பெரும்பாலும் நடைபாதையை நோக்கியே திறந்திருக்கும். ஒரு வளைவும் இரண்டு மீட்டர் குழாயும் போட்டு மண்பக்கம் திருப்பிவிட்டால் அந்த இடத்துக்கு உப்பே வேண்டியிருக்காது.