காற்றோடு போன காட்சிகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க கால நிகழ்ச்சிகளைச் சில வாரங்களாக இணையத்தில் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1930களின் திரைப்படங்கள் இன்றும் துல்லியமாகத் தெரியும்போது, 1949இலும் 1950இலும் ஒளிபரப்பான நிகழ்ச்சிகள் மட்டும் சாம்பல் பூசியதுபோல் மங்கிக் கிடப்பது ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை. பழமைதான் காரணம் என்றால், அவற்றைவிடப் பழைய திரைப்படங்கள் அல்லவா முதலில் மங்கியிருக்க வேண்டும்?

அங்கே வணிக ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது 1941 ஜூலை 1ஆம் தேதி. அன்று நியூயார்க்கின் என்பிசி நிலையத்தில் புலோவா கடிகார நிறுவனம் தந்த முதல் விளம்பரத்துக்குக் கட்டணம் வெறும் 9 டாலர். இடையில் வந்த இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் முடக்கிப்போட்டது. போர் முடிந்த பிறகே பெட்டிகள் வேகமாக விற்கத் தொடங்கின. அக்காலத்து நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை நேரடி ஒளிபரப்புகள். கேமரா கண்டதை அந்த நொடியே வானலையில் ஏற்றிவிடுவார்கள். நடிகர் வசனம் மறந்தாலும் அரங்கச் சுவர் ஆடினாலும் அதுவும் சேர்ந்தே போகும். படத்தையும் ஒலியையும் மின்குறிகளாகவே சேமித்துவைக்கும் கருவி எதுவும் அப்போது கிடையாது.

சேமிக்கும் தேவையை உண்டாக்கியது கலை ஆர்வம் அல்ல, தூரம். நியூயார்க்கையும் சிகாகோவையும் இணைக்கும் கம்பித்தடம் 1949 ஜனவரியில் வந்துவிட்டது. கலிஃபோர்னியாவுக்கோ அப்போது வழியே இல்லை. ஆகவே திரையில் ஓடும் நிகழ்ச்சியைத் திரைக்கு எதிரே வைத்த ஃபிலிம் கேமராவால் படமெடுத்து, அந்தச் சுருளை மேற்குக் கரை நிலையங்களுக்கு அனுப்பினார்கள். இதற்குக் கினஸ்கோப் பதிவு என்று பெயர். தொலைக்காட்சி நொடிக்கு 30 படச்சட்டங்களாக (ஃபிரேம்) ஓட, ஃபிலிம் 24 படச்சட்டங்களாக ஓடியதால், இரண்டையும் பொருத்துவதே பெரும்பாடாக இருந்தது. நான் பார்த்த மங்கல் அங்கிருந்து வந்ததுதான்: நாம் இன்று காண்பது நிகழ்ச்சியை அல்ல, அது ஓடிய ஒரு சிறு கண்ணாடித் திரையின் புகைப்படத்தை.

1951 செப்டம்பர் 4ஆம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜப்பானிய அமைதி உடன்படிக்கை மாநாட்டில் அதிபர் ட்ரூமன் ஆற்றிய உரை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பானபோது தூரம் தீர்ந்தது. மணி வேறுபாடு தீரவில்லை. நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் லாஸ் ஏஞ்சலஸில் மாலை 5 மணிதான். அதனால் வந்த நிகழ்ச்சியை அங்கே ஃபிலிமில் பிடித்து, அவசர அவசரமாகக் கழுவி, ஈரம் காய்ந்தும் காயாமலும் மூன்று மணி நேரத்துக்குள் ஒளிபரப்பினார்கள்.

இந்தத் தலைவலிக்கு நடுவில், அதே ஆண்டு அக்டோபரில் ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. நேரடி நிகழ்ச்சியாக நியூயார்க்கிலிருந்து வர வேண்டும் என்பது விளம்பரதாரரின் விருப்பம். அதில் நடித்த லூசில் பாலும் அவர் கணவர் தேசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தார்கள். முடிவில், பார்வையாளர்கள் முன்னிலையில் மூன்று 35 மிமீ கேமராக்களால் படமெடுப்பது என்றும், அதற்கான கூடுதல் செலவுக்காகத் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது என்றும், பதிலுக்குப் படச்சுருள்களின் உரிமை தம்பதியின் நிறுவனத்துக்கே சேரும் என்றும் ஒப்பந்தமானது. ஒருமுறை ஓடிய நிகழ்ச்சியை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் நினைத்திருக்க வேண்டும். பின்னாளில் அந்த உரிமையைப் பெருந்தொகை கொடுத்து அதே சிபிஎஸ் வாங்க நேர்ந்தது. தம்பதியோ, லூசில் ஒருகாலத்தில் ஒப்பந்த நடிகையாக இருந்த ஆர்கேஓ ஸ்டூடியோவையே விலைக்கு வாங்கினார்கள். இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல அகல வீடியோ நாடாவைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் தேதி டக்ளஸ் எட்வர்ட்ஸின் செய்தியறிக்கையை மேற்குக் கரைக்காகப் பதிவுசெய்து, சிபிஎஸ் தாமதித்து ஒளிபரப்பியது. இனி எதுவும் தொலையாது என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். ஆனால் நாடாவின் விலை மிக அதிகம். அழித்துவிட்டு அதன்மேலேயே மீண்டும் பதியலாம் என்பதே அதன் கவர்ச்சியாகவும் இருந்தது. அப்படித்தான் ஜானி கார்சன் நியூயார்க்கில் நடத்திய இரவு நேர உரையாடல் நிகழ்ச்சியான ‘டுநைட் ஷோ’வின் முதல் பத்தாண்டுப் பதிவுகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. 1962 அக்டோபர் 1ஆம் தேதி அவர் மேடையேறிய முதல் இரவுக்கு இன்று ஒலிப்பதிவும் சில புகைப்படங்களும்தான் மிச்சம்.