நடுச்சுவரை இடித்த தடம் ஒருவழியாக மறைந்தது

நாலரை இன்ச் தடுப்புச் சுவரை இடித்து ஹாலையும் பக்கத்து அறையையும் ஒன்றாக்கிய கதை பெரிசு, அதைத் தனியாக எழுதுகிறேன். இப்போது அந்தத் தடுப்பு வந்து முட்டி நின்ற நீளச் சுவர் மட்டும். 24 அடி நீளம், 10 அடி உயரம். நட்டநடுவில், இடித்த சுவர் ஒட்டியிருந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை அரை அடி அகலத்துக்குப் புதுப்பூச்சு.

விலை பேச வந்த பெயிண்டர், "ரெண்டு கோட்ல மறைஞ்சிடும் சார்" என்றார். எப்படி மறையும்? புதுப்பூச்சு தண்ணீரை உறிஞ்சும் வேகம் வேறு, பழைய சுவர் உறிஞ்சும் வேகம் வேறு. பெயிண்ட் அங்கே மட்டும் சீக்கிரம் இழுத்துக் காய்ந்து பட்டையாகத் தெரியும். போதாக்குறைக்கு அந்தச் சுவரை ஒட்டியே மேற்கு ஜன்னல். சாயங்கால வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும்போது தீக்குச்சி கனத்துக்கு மேடு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பூச்சை 28 நாள் ஆற விட்டு, பழைய டிஸ்டெம்பர் பூச்சைச் சுரண்டி, இணைப்பில் வலை டேப் ஒட்டியாயிற்று. அப்புறம் பட்டி, அதாவது மேடுபள்ளத்தைச் சமப்படுத்தும் மாவுக் கலவை. சூட்சுமமே இதில்தான். அந்த அரை அடியோடு நிறுத்தினால் மேடு நிச்சயம். இரண்டு பக்கமும் இரண்டரை அடிவரை இழுத்து, ஓரம் போகப் போக ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும். 4 இன்ச் பிளேடு இதற்கு ஆகாது, 12 இன்ச் வேண்டும். காய்ந்ததும் ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தேன். நிழல் விழுந்த இடமெல்லாம் பென்சில் வட்டம். காலையில் வட்டங்களுக்கு மட்டும் பட்டி, பிறகு 180 நம்பர் உப்புத்தாள், கடைசியாக அதைவிட நைசான 220. வீடே மாவு மில் ஆகிவிட்டது. அம்மா இன்னும் அரிசிமாவு டப்பாவைச் சந்தேகமாகத்தான் திறக்கிறார்.

பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர், புதுப்பூச்சுக்கு மட்டும் ஒரு கோட் கூடுதல், அப்புறம் முழுச் சுவருக்கும் ஒரு கோட். வீட்டில் பளபளப்பாக வேண்டும் என்றார்கள். பளபளப்பு இருக்கிற குறையையெல்லாம் எடுத்துக்காட்டும் என்பதால் இந்தச் சுவருக்குப் பளபளக்காத மேட் பெயிண்ட். எதிர்ச்சுவர் அவர்கள் இஷ்டம்.

ஃபேனை நிறுத்திவிட்டு மச்சான் மேலே ரோலர் எட்டாத ஓரத்தில் பிரஷ்ஷால் கட்டிங் போட, ஈரம் காயுமுன் நான் பின்னாலேயே ரோலர். நடுவில் டீக்கு இறங்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இரண்டாவது கோட்டும் காய்ந்து, நாலு மணி வெயிலில் பார்த்தாயிற்று. தடம் எங்கே என்று மச்சானால் கைவைத்துக் காட்ட முடியவில்லை!

ரோலரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவானது சுவரெல்லாம் பஞ்சை உதிர்க்கும். மைக்ரோஃபைபர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் கடைக்காரர் எடுத்துப் போடமாட்டார். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று கணக்கு வைத்தால் இந்தச் சுவருக்கு 2 லிட்டர். கலர் கலந்து வாங்குவதென்றால் கொஞ்சம் கூடுதலாக ஒரே தடவையில் வாங்கி, எல்லா டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்வது நல்லது.

ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரையும் பார்க்க வேண்டும், அங்கே விரிசல் நிறைய. அதற்குள் எதிர்ச்சுவர் பாக்கி, சீலிங்கில் இதே தடம் பாக்கி. அண்ணாந்து உப்புத்தாள் தேய்க்கக் கழுத்து ஒத்துழைக்காது. மச்சானும் நைசாக நழுவிவிட்டார். சாரம் வாடகைக்குக் கேட்டிருக்கிறேன்.