எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி

திருவனந்தபுரத்தில் அன்றைக்கு டேக்ஆஃபைப் பாதியில் நிறுத்தியது சரியா என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டால், நான் சொல்கிற பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பொய் சொல்கிறேன் என்றில்லை. இரண்டு பதிலும் எனக்கு உண்மையாகத்தான் படுகிறது.

ஏ320, வளைகுடாவுக்குப் போகிற ராத்திரி விமானம், ஒரு சீட் காலி இல்லை. கேப்டன் ஓட்டுகிறார், துணை விமானியான நான் வலது பக்கம். "ஹண்ட்ரட் நாட்ஸ்" என்றேன், அவர் "செக்" என்றார், அடுத்த கணமே காலுக்குக் கீழே தடதடவென்று ஆரம்பித்தது, ஷூவுக்குள் பாதம் கூசுகிற அளவுக்கு. எஞ்சின் இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன, எச்சரிக்கை விளக்கு ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் "ஸ்டாப்" என்று எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ரஸ்ட் லீவரை இழுத்துவிட்டார். வேகம் 115 நாட்ஸ் இருக்கும். வி1, அதாவது அதைத் தாண்டினால் நிறுத்தக் கூடாது என்கிற வேகம், வர இன்னும் 20 நாட்ஸுக்கு மேல் பாக்கி, ஓடுபாதை கிட்டத்தட்ட 3,400 மீட்டர், அதனால் நிற்பதில் சிக்கல் இல்லை. தீயணைப்பு வண்டி வந்து சுற்றிப் பார்த்தது. பிரேக் சூடு மட்டும் நின்ற பிறகும் ஏறி 300 டிகிரியைத் தாண்டியது, அது வழக்கம்தான்.

இப்போது புத்தகம் என்ன சொல்கிறது? 100 நாட்ஸைத் தாண்டிவிட்டால் மூக்குச் சக்கர நடுக்கத்துக்காக நிறுத்தாதே என்கிறது ஏர்பஸ் பயிற்சிக் கையேடு. தீ, எஞ்சின் போய்விட்டது, பறக்கவே பறக்காது என்கிற நிலை, இப்படிச் சிலதுக்குத்தான் நிறுத்த வேண்டும். காரணமும் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவில் கொலம்பியா என்ற ஊரில் டயர் வெடித்த லியர்ஜெட் என்ற சின்ன விமானம் ஒன்று வி1 தாண்டிய பிறகு நிறுத்தப் பார்த்து, ஓடுபாதையை விட்டு வெளியே போய் நான்கு பேர் செத்தார்கள். ஆனால் 1991இல் ஜெத்தாவில் காற்றுக் குறைந்த டயர்களோடு கிளம்பிய டிசி-8 விமானம் நிறுத்தாமல் மேலே போனது, சக்கரத்தில் பிடித்த தீ உள்ளே பரவி 261 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. புத்தகத்தை எழுதினவர்களுக்கு இரண்டும் தெரியும். ஓடுகிற அந்த இரண்டு வினாடியில் யாருக்கு எது ஞாபகம் வரும் என்பது அவரவர் விதி.

சரி, என்னை உறுத்துவது இதுவல்ல. பயணிகளை இறக்கியாகிவிட்டது. விமானத்தில் வந்த கோளாறை எழுதி வைக்கிற டெக்லாக் புத்தகத்தைத் தொடைமேல் விரித்து, பேனா மூடியைக் கழற்றி வாயில் கடித்துக்கொண்டிருந்த கேப்டன், எழுதாமல் என் பக்கம் திரும்பி, "வெடிச்ச மாதிரி ஒரு சத்தம் கேட்டியா மக்ளே?" என்றார். நடுக்கம் என்றால் விதிப்படி அவர் நிறுத்தியிருக்கக் கூடாது. வெடிச்சத்தம் என்றால் கதையே வேறு, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். "நடுக்கம்தான் சார் தெரிஞ்சது. சத்தம் எனக்குக் கேக்கல்ல" என்றேன். "சரி" என்று அவர் எழுத ஆரம்பித்தார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கவில்லை.

அவர் மார்த்தாண்டம், எனக்குப் பாறசாலை. நடுவில் களியக்காவிளை, அவ்வளவுதான் தூரம். மற்ற கேப்டன்களோடு இங்கிலீஷ்தான் பேசுவேன், இவரோடு மட்டும் ஊர்ப் பேச்சு. இங்கிலீஷில் கேட்டிருந்தால் சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். உதவி கேட்டாரா, இல்லை நிஜமாகவே தனக்குக் கேட்டது எனக்கும் கேட்டதா என்று தெரிந்துகொள்ள நினைத்தாரா? கேட்காததைக் கேட்டது என்று எப்படிச் சொல்வது? அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "எனக்குக் கேக்கல்ல" என்பதோடு "இருந்திருக்கலாம் சார்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தாலும் அதுவும் பொய்யாகியிருக்காது.

மூக்குச் சக்கரத்தின் ஒரு டயரில் ரப்பர் மேல்பட்டை ஒரு பக்கம் உரிந்து தொங்கியது என்று எஞ்சினியர்கள் சொன்னார்கள். காக்பிட் ஒலிப்பதிவைக் கேட்டார்கள், ஒரு சத்தம் இருக்கிறது. வெடி என்றும் சொல்லலாம், தடதடப்பின் முதல் 'தட்' என்றும் சொல்லலாம் என்றார் கேட்டவர். கேப்டனை சிமுலேட்டர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபின் என்னோடு பழையபடிதான் பேசுகிறார், வீட்டு விசேஷத்துக்குக்கூடக் கூப்பிட்டார். அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

எனக்கும் சீக்கிரம் கேப்டன் பயிற்சி வரப்போகிறது. வி1 வரைக்கும் லீவர் மேல் இருக்கப்போவது என் கை. இப்படி ஒரு ராத்திரி வந்தால் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற பையனிடம் நானும் கேட்பேன் என்றுதான் தோன்றுகிறது, உனக்கு என்ன கேட்டது என்று. எழுதி முடித்த பிறகு கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருக்கிறேன். ஆனால் எழுதி முடித்த பிறகு எதற்குக் கேட்பது?