மாடியில் ஒரு பாயிண்ட் மெஷின்

எங்கள் வீடு திருவொற்றியூர் மாட வீதியில். தம்பி வீடு நேர் எதிரே. அவன் மாடியில் கத்தரி, வெண்டை, பந்தலில் அவரை. என் மாடியில் கீரைத் தொட்டிகளும் நாலைந்து மல்லிகையும். இரண்டுக்கும் தண்ணீர் விடும் வேலை என்னுடையது. குடும்பத்தில் ஓய்வுபெற்றவன் நான் ஒருவன்தான் என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை. காலையும் மாலையும் இரண்டு வீட்டுப் படிகளையும் ஏறி இறங்கியதில் முட்டிகள் இரண்டும் ஒரே ஆண்டில் கைவிட்டன. என் மாடிக்காவது மகன் ஏறிவிடுவான். எதிர்வீட்டு மாடிக்குத்தான் வழி தேட வேண்டியிருந்தது.

எதிர்வீட்டு மாடித் தண்ணீரை என் வீட்டிலிருந்தே திறந்து மூட முதலில் கம்பிதான் இழுத்தேன். வீதிக்குக் குறுக்கே, கேபிள் டிவி கம்பியோடு சேர்த்து, 12 வோல்ட்டுக்கு ஒரு ஜோடி. எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. தியாகராஜர் கோயில் மாசித் தேருக்கு முன்பு குறுக்கே தொங்கும் கம்பிகளை எல்லாம் அகற்றினார்கள். என்னுடையதையும் அறுத்து, மரியாதையாகச் சுருட்டி, திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். தியாகராஜர் மீது எனக்கு வருத்தம் இல்லை. தேரைவிடத் தாழ்வாகக் கம்பி கட்டியவன் நான். ஆண்டுதோறும் இதையே செய்துகொண்டிருக்க முடியாது என்பதால் கம்பியில்லா வழிக்கு வந்தேன்.

33 ஆண்டுகள் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு வேலை பார்த்தவன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை யார்டுகளில் ரிலேயோடும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கேபிளோடும் காலம் போனது. ஒரு வால்வைத் திறந்து மூடுவது எனக்கு ஒரு வாரத்து வேலை என்று வீட்டில் சொன்னேன். ஏழு மாதம் ஆயிற்று.

ரிச்சி தெருவில் 12 வோல்ட் சோலனாய்டு வால்வு, அதாவது கம்பிச்சுருளில் (காயில்) மின்சாரம் பாய்ந்தால் திறக்கும் வால்வு, ஒன்று வாங்கினேன். வாஷிங் மெஷினில் தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்குமே, அதே ஜாதி. வெள்ளை பிளாஸ்டிக், அரை அங்குலம். பொருத்திய நாளில் 'டக்' என்று திறந்தது. மறுநாள் காலையிலும் திறந்தது. மாலையில் 'டக்' மட்டும் கேட்டது, தண்ணீர் வரவில்லை. அடுத்த நாள் காலையில் மறுபடி வந்தது. எப்போதும் கெட்டிருக்கும் கருவியை அரை மணியில் சரிசெய்துவிடலாம். வேலை நேரத்தில் கெட்டு, ஆள் வந்து பார்க்கும்போது நல்லபிள்ளையாக நடிக்கும் கோளாறுதான் சிக்னல்காரனைத் தூங்கவிடாது. டிரான்ஸ்மிட்டரைச் சந்தேகித்தேன், பேட்டரியைச் சந்தேகித்தேன், ரிலேயை மாற்றினேன். காயிலுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4007 டையோடு போட மறந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. காயில் அணையும்போதெல்லாம் அது திருப்பி உதைத்த மின்னழுத்தத்தில் கண்ட்ரோலர் மயங்கி விழுந்து எழுந்துகொண்டிருந்திருக்கிறது. டையோடு போட்டேன். மயக்கம் தெளிந்தது, மாலைக் கோளாறு அப்படியே இருந்தது.

விடை வால்வின் மேலேயே அச்சிட்டிருந்தது: 0.02 முதல் 0.8 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல், அழுத்தத்தின் அளவு) வரை. இந்த வகை வால்வில் காயில் ஒரு ஊசித்துளையை மட்டும்தான் திறக்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வைத் தூக்குவது தண்ணீரின் சொந்த அழுத்தம். அதற்குக் குறைந்தது 0.02 எம்.பி.ஏ. வேண்டும், அதாவது வால்வுக்கு மேலே சுமார் 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். தம்பி வீட்டுத் தொட்டி நாலடி மேடையில் இருக்கிறது. காலையில் தொட்டி நிறைந்திருந்தால் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி மாலை ஆகும்போது தொட்டி பாதி. உயரம் ஒன்றே முக்கால் மீட்டருக்கும் கீழே. மோட்டார் அழுத்தத்திலோ உயரமான தொட்டியிலோ இந்த வால்வு பிரமாதமாக வேலை செய்யும். மொட்டை மாடித் தொட்டிக்கு வாங்காதீர்கள்.

அதற்குப் பதில் மோட்டார் வைத்த பந்து வால்வு வாங்கினேன். துளையிட்ட பித்தளைப் பந்தைச் சிறிய மோட்டார் கால் வட்டம் திருப்புகிறது. அழுத்தமே தேவையில்லை. திரும்பும் சில நொடிகளுக்கு மட்டும்தான் மின்சாரம் எடுக்கும், பிறகு இருந்த இடத்தில் நிற்கும். திறக்க ஒரு பக்கம், மூட மறுபக்கம். மின்னோட்டத்தைத் திருப்பிவிட இரண்டு ரிலே. கையில் எடுத்துப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இது பாயிண்ட் மெஷின். ரயிலை வேறு பாதைக்குத் திருப்பத் தண்டவாளத்தைத் தள்ளும் 110 வோல்ட் மோட்டாரின் பேரப்பிள்ளை.

ரேடியோவைப் பற்றிச் சுருக்கமாக. வைஃபை வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். ரூட்டர் கீழ்வீட்டில் இருக்கிறது, கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போதே அலை மெலிந்துவிடுகிறது, கரண்ட் போனால் ரூட்டரும் போய்விடும். லோரா மாடியூல்கள் (குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்குப் பேசும் ரேடியோ) இரண்டு வாங்கினேன், 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு. இந்தியாவில் அதற்குத் தனி உரிமம் வேண்டாம். ஆண்டெனாவுக்குச் செம்புக் கம்பி, கால் அலைநீளம். எட்டரை சென்டிமீட்டருக்கு மேல் அரை நூல். ஆண்டெனா இல்லாமல் ஒரு மாடியூலை அவசரத்தில் இயக்கிப் பார்த்தேன். அது போய்விட்டது. நீங்கள் பார்க்க வேண்டாம்.

வால்வுப் பக்கத்துக்குப் பழைய யூ.பி.எஸ். பேட்டரி, 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர். அதை ஊட்ட 10 வாட் சோலார் பலகை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க ரிசீவருக்கு 30 மில்லி ஆம்பியர் போகிறது. நாளொன்றுக்கு முக்கால் ஆம்பியர்-ஹவர்கூட இல்லை. கார்த்திகை மழையில் நான்கைந்து நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்கும்.

எல்லாம் பொருத்தி இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் 'திற' என்று அனுப்பினேன். திறந்தது. ஆறே காலுக்குக் கரண்ட் போனது. வந்தபோது என் வீட்டுப் பெட்டி புதிதாகப் பிறந்த குழந்தையைப் போல விழித்தது. வால்வு திறந்திருப்பது அதற்கு நினைவில்லை. எனக்கும் இல்லை. 'மூடு' போகவேயில்லை. மறுநாள் விடிகாலையில் தம்பி மனைவி பல் துலக்கும் பிரஷோடு எதிர்வாசலில் நின்று, "மாமா, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை" என்றாள். ஆயிரம் லிட்டரும் சொட்டுக் குழாய் வழியே இரவு முழுக்க இறங்கி, மழைநீர்க் குழாயில் ஓடி, வீதியில் நின்றது. அன்று மெட்ரோ தண்ணீர் வரும் நாளும் இல்லை. இங்கே நிலத்தடி நீரை வாயில் வைக்க முடியாது, உப்பு. குடத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

தம்பி மகள்தான் நிரலைப் பார்த்தாள். "பெரியப்பா, 'மூடு' என்று சொல்ல உங்கள் பெட்டி உயிரோடு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் வீடு காய்ந்துபோகும், அவ்வளவுதானே?"

அவமானமாக இருந்தது. டிராக் ரிலேவை 33 ஆண்டுகள் துடைத்த கை இது. தண்டவாளத்தில் மின்னோட்டம் ஓடினால்தான் அந்த ரிலே தூக்கி நிற்கும், பச்சை விழும். ரயில் ஏறினாலும், தண்டவாளம் முறிந்தாலும், பேட்டரி செத்தாலும், கம்பி அறுந்தாலும் ரிலே தன் எடையால் கீழே விழும், சிவப்பு. யாரும் சிவப்பு போடச் சொல்ல வேண்டியதில்லை. கத்தரிச் செடி என்பதால் நான் அதை மறந்துவிட்டேன்.

இப்போது என் பெட்டி 'திற' என்று மட்டும் சொல்வதில்லை. 'இருபது நிமிடம் திற' என்கிறது. எண்ணுவது ரிசீவரின் வேலை. என் வீடே இடிந்து விழுந்தாலும் இருபதாவது நிமிடத்தில் அது மூடும். ரிசீவர் அணைந்து எழுந்தால் முதல் காரியம் மூடுவது. பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் திறக்கவே மறுக்கும். மூடத் தெம்பில்லாதவன் திறக்கக் கூடாது. கரண்ட் போனால் தானே மூடிக்கொள்ளும் வால்வுகளும் உண்டு, உள்ளே கெப்பாசிட்டர் வைத்து. விலை கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இன்னொன்று, பதில். ரிசீவர் முன்பு 'கேட்டது' என்று பதில் அனுப்பியது. கேட்டதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பாயிண்டுக்கு 'திரும்பு' என்று சொன்னதோடு சிக்னல் விழாது. அது திரும்பி, ஒட்டி, டிடெக்‌ஷன் (சரியாகத் திரும்பிவிட்டதா என்று காட்டும் தொடர்பு) தொட்ட பிறகுதான் விழும். அதனால் ஐந்து கம்பி வால்வுக்கு மாறினேன்: இரண்டு மோட்டாருக்கு, மூன்று பந்து எங்கே நிற்கிறது என்று சொல்வதற்கு. என் மேசையில் மரப்பெட்டி, இரண்டு விளக்கு, 'நார்மல்', 'ரிவர்ஸ்'. நடுவில் நின்றால் இரண்டும் மினுக்கும். தம்பி மகள் மொபைல் செயலி செய்து தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன்.

பாயிண்டைச் சோதிக்க நகரும் டங் ரெயிலுக்கும் நகராத ஸ்டாக் ரெயிலுக்கும் இடையே 5 மி.மீ. தகடு வைப்போம். தகடு இருக்கும்போது மெஷின் பூட்டிக்கொண்டால் அந்த மெஷினை நம்பக் கூடாது. அதேபோல வால்வின் வாயில் ஒரு ஜல்லியைத் திணித்து 'மூடு' என்றேன். மோட்டார் முனகி நின்றது. விளக்குகள் மினுக்கின. அன்றைக்குத்தான் இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கடற்காற்றுக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. மூன்று மாதத்தில் ரிலே திருகுகளில் பச்சைக் களிம்பு ஏறிவிடுகிறது. பலகைக்கு நகப்பூச்சு அடித்திருக்கிறேன், மனைவியுடையது, முனைகளுக்கு கிரீஸ்.

போன மாதம் ஒரு மாலை, ஆறு இருபதுக்கு, இரண்டு விளக்கும் மினுக்கின. முட்டியைத் திட்டிக்கொண்டே எதிர்வீட்டு மூன்று மாடி ஏறினேன். வால்வைக் கழற்றிப் பார்த்தால் பந்துக்கும் வளையத்துக்கும் நடுவே நகக்கண் அளவு உப்புப் படிவுச் சில்லு, தொட்டியின் அடியிலிருந்து பெயர்ந்து வந்தது. தொட்டிக்கும் வால்வுக்கும் இடையே ஒரு வடிகட்டி போட்டுவிட்டேன். ஞாயிறுதோறும் அதைக் கழற்றிக் கழுவ மாடி ஏறுகிறேன்.