கீழறைச் சுவரும் ஒரு மாரியும்

வீட்டை விற்பதென்று முடிவெடுத்த கிழமையே ஒரு தரகரைக் கூட்டிவந்து காட்டினேன். மேல்வீடு முழுக்கப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்த மனுசன், கீழறைக்கு இரண்டு படி இறங்கியதும் நின்றுவிட்டார். "ஐயா, இஞ்ச மாரிக்குத் தண்ணி கசியுதல்லோ?" அது மே மாதம். கச்சான் காற்று அனலாய் அடிக்கிற நேரம், தரையில் ஒரு பொட்டு ஈரமில்லை. மணத்திலேயே பிடித்துவிட்டார்.

திருகோணமலையில் நிலத்துக்குக் கீழே அறை வைத்துக் கட்டுகிற ஆட்கள் குறைவு. நிலாவெளிப் பக்கம் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். எங்களுடைய வீடு உவர்மலைச் சரிவில் இருப்பதால் அப்பாவுக்கு அந்த ஆசை வந்தது. வீதியில் இருந்து பார்த்தால் ஒரு தட்டு வீடு. பின்வளவில் நின்று பார்த்தால் இரண்டு தட்டு. கீழறையின் வீதிப்பக்கச் சுவர் முழுக்க மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. அந்தச் சுவரில்தான் ஒவ்வொரு கார்த்திகையிலும் உப்புப் பூக்கும். உவர்மலையில் உவர் பூக்காமல் வேறெங்கே பூக்கும் என்று அப்பா பகிடி விடுவார். பகிடியோடு அந்த விசயம் முடிந்துவிடும்.

நானும் சும்மா இருக்கவில்லை. சில வருசத்துக்கு முதல், தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற பெயின்ற் ஒன்றை உள்பக்கம் இரண்டு முறை அடித்தேன். மார்கழிக்கிடையில் சுவரெல்லாம் கொப்புளம். ஊசியால் குத்தினால் தண்ணீர் வடிந்தது. நனைந்த மண் சுவரை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும்போது, உள்ளே ஒட்டின பூச்சு எத்தனை நாளைக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இந்த முறையும் தரகர் அதைத்தான் சொன்னார்: "ஒரு பெயின்ற அடிச்சு, மாரிக்கு முதல் தள்ளி விடுங்கோ." மனம் கொஞ்சம் ஆடினது உண்மை. உறுதி எழுத இருந்த நொத்தாரிசு அம்மாவிடம் பட்டும் படாமலும் கேட்டேன். தெரிந்துகொண்டே மறைத்து விற்றால் வாங்கியவர் வழக்குப் போடலாம், இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருக்கிற உரோமன் டச்சுச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது என்றார். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், வாங்கப் போகிறவர் சந்தையில் நாளைக்கு என் முகத்தில் முழிக்கப் போகிற ஆள்.

கனடாவில் இருக்கிற தங்கச்சி வீடியோவில் சுவரைப் பார்த்துவிட்டு, "அண்ணா, எங்கட பேஸ்மென்ட்டில குழி தோண்டி பம்ப் வச்சிருக்கு, அப்பிடி ஒண்டைப் போடுங்கோ" என்றாள். அங்கே வீட்டைச் சுற்றித் தரை மட்டம், தண்ணீருக்குப் போக வழியில்லை, மோட்டார் வைத்துத் தூக்க வேண்டும். எங்களுக்கு வளவே சரிவு. வழியை மட்டும் காட்டிவிட்டால் தண்ணீர் தன்பாட்டில் இறங்கிப் போகும்.

அந்த வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நாளெடுத்தது. முதலில், அது கசிவா, காற்றின் ஈரம் சுவரில் படிகிறதா என்று பார்க்க ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப் ஒட்டிச் சுவரில் விட்டேன். கோடையில் வந்த ஒரு பெருமழைக்கு அடுத்தநாள் பார்த்தால், வெளிப்பக்கம் காய்ந்திருந்தது, சுவரோடு ஒட்டின பக்கம் முத்து முத்தாய் நீர். அப்படியென்றால் மண்ணில் இருந்துதான் வருகிறது. அடுத்த மழைக்குக் குடையோடு முற்றத்தில் போய் நின்றேன். கூரைப் பீலியின் இறக்குக் குழாய் சரியாக அந்தச் சுவரின் தலைமாட்டில் கொட்டுகிறது. போதாததற்கு, பின்னாளில் நாங்களே போட்ட சீமெந்துத் தரை வீட்டுப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லீற்றர். முன்பக்கக் கூரை கிட்டத்தட்ட 60 சதுர மீட்டர். மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வது எங்களுக்குப் புதினமில்லை. 6,000 லீற்றர்! ஆறு தண்ணீர்த் தாங்கியை நாங்களே அந்தச் சுவருக்குப் பின்னால் கவிழ்த்திருக்கிறோம்.

வேலையை ஆடியில் தொடங்கினோம். மண் காய்ந்திருக்கும்போது செய்தால்தான் உண்டு. சீமெந்துத் தரையை உடைத்து, சுவரோரமாக, கீழறைத் தரையை விட ஓரடி தாழ்வாகக் கான் வெட்டினோம். ஆழம் கூடினதால் மண் சரிந்து ஆள்மேல் விழாதபடி பலகை முட்டுக் கொடுத்து, எட்டடி எட்டடியாகத்தான் தோண்ட விட்டேன். வெளிச்சுவரைத் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, சுவரும் அத்திவாரமும் சேருகிற மூலையில் சாந்தை வளைத்துப் பூசி, பிறகு சீமெந்துக் கலவையிலான நீர்க்காப்புப் பூச்சை, முதற்தரம் படுக்கையாகவும் இரண்டாந்தரம் நெடுக்காகவும் அடித்தோம். காய்ந்த சுவரில் அடித்தால் பூச்சின் தண்ணீரைச் சுவர் குடித்துவிடும். நனைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

கானின் அடியில் ஜல்லி, அதன்மேல் துளை போட்ட பிவிசி குழாய், மேலே திரும்பவும் ஜல்லி, மண் புகுந்து அடைக்காமல் எல்லாவற்றையும் சுற்றி வடிதுணி. குழாய்க்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுத்து, வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்வளவின் தாழ்வான மூலையில் திறந்துவிட்டோம். இதில் மேசனுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். அவர் துளைகளை மேல்பக்கம் வைத்தார். "மழை மேலயிருந்துதானே தம்பி வருது?" ஜல்லிக்குள் தண்ணீர் அடியில் இருந்துதான் நிரம்பி ஏறும், துளை கீழே இருந்தால்தான் ஏறுகிற தண்ணீரை உடனே பிடிக்கும். ஒரு வாளியில் கல்லைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் காட்டின பிறகுதான் சம்மதித்தார். அன்று பின்னேரம் பிளேன்ரீயும் வடையும் என் கணக்கு.

பீலித் தண்ணீரை அந்தத் துளைக் குழாயோடு சேர்க்கவே இல்லை. அதற்குத் தனிக் குழாய். முற்றத்துத் தரையையும் வீட்டை விட்டு வெளியே சாயப் போட்டோம். உள்ளே பழைய பெயின்றைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, சுவரை அப்படியே வெறுமையாக விட்டேன். தரகருக்கு அது பிடிக்கவில்லை. "அசிங்கமாக் கிடக்கு ஐயா."

கிடக்கட்டும் என்று மாரியைக் காத்திருந்தேன். இதுதான் வீட்டில் பெரிய சண்டை. விலை கேட்டு வந்த ஒருவரை நான் தைக்குப் பிறகு வரச் சொன்னதை மனைவி இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. இரவில் ரோச் லைற்றோடு போய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. பின்வளவுக் குழாயில் தண்ணீர் கை மொத்தத்துக்கு ஓடியது. சுவர் காய்ந்தே இருந்தது. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம். பார்த்தால் மின்சார வயர் போன துவாரம். அதையும் அடைத்தோம்.

வாங்கின ஆசிரியர் மழை பெய்கிற நாளாய்ப் பார்த்துத்தான் வந்தார். கெட்டிக்காரர். வெறும் சுவரில் கையை வைத்துக் கொஞ்சநேரம் நின்றார். மூடுவதற்கு முதல் எடுத்த கான் படங்களையும், குழாய் போகிற பாதையைக் கீறின தாளையும் கொடுத்தேன். விலையைப் பற்றி அன்று ஒன்றும் பேசவில்லை. "இந்தச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கோடை வரை ஒன்றும் அடிக்க வேண்டாம் என்றேன்.