சாட்டிலைட்டுக்கு நம்ம சனிக்கிழமை தெரியாது

ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சாட்டிலைட் மேப் சுத்திட்டிருக்கு, காத்துல நைட்ரஜன் டை ஆக்சைடுங்கிற புகை வாயு எங்க ஜாஸ்தி (சிவப்பு), எங்க கம்மி (நீலம்)னு காட்டுறது, டெல்லி பக்கம் செக்கச்செவேல்னு, சென்னை பெங்களூரு மேல ஆரஞ்சு திட்டு, நம்ம பழனி மலை மட்டும் நீலம். உடனே "கொடைக்கானல் காத்து சுத்தம், சாட்டிலைட்டே சொல்லிருச்சு"ன்னு ஃபார்வர்டு. மேப் பொய்யில்லங்க, அத வச்சு நம்மாளுக பேசுறதுதான் கொஞ்சம் ஓவரு.

இந்த மாதிரி மேப்புக்கு டேட்டா பெரும்பாலும் சென்டினல்-5பி சாட்டிலைட்ல இருக்குற ட்ரோபோமி கருவிலருந்து வருது, 2017 அக்டோபர்ல ஐரோப்பாக்காரங்க விட்டது. அது காத்தப் பிடிச்சுப் பாக்குறதில்ல, வெளிச்சத்தப் பாக்குது. வெயில் பூமில பட்டு திரும்ப மேல போறப்ப நடுவுல இருக்குற நைட்ரஜன் டை ஆக்சைடு அதுல உள்ள நீல வெளிச்சத்துல கொஞ்சத்த முழுங்கிரும், எந்த அலைநீளத்துல எவ்வளவு காணோம்னு, நேரா சூரியனப் பாத்து எடுத்த அளவோட வச்சுப் பாத்து கணக்குப் போடுறாங்க. நம்ம கொடைக்கானல் சூரிய அப்சர்வேட்டரில 1909ல எவர்ஷெட்ங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி சூரியப் புள்ளில வாயு ஓடுறதக் கண்டுபிடிச்சதும் வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்துத்தான், அதனால இந்த வித்தை கொடைக்குப் புதுசில்ல.

வண்டிப் புகைலயும் அனல்மின் நிலையத்துலயும் வர்ற இந்த வாயு பகல்ல சில மணி நேரந்தான் தாங்கும், ரொம்ப தூரம் போறதுக்குள்ள கரைஞ்சிரும், அதான் பெரிய சிட்டி எல்லாம் தனியா பளிச்சுன்னு தெரியுது. காத்தடிக்கிற பக்கம் அது வாலு மாதிரி நீளும், அந்த வாலு எவ்வளவு தூரத்துல மங்குது, காத்து வேகம் என்னன்னு வச்சு அந்த ஊரு மொத்தமா எவ்வளவு கக்குதுன்னே சொல்லிடலாம், 2011லயே ரியாத் நகரத்துக்கு இப்படிப் பண்ணிக் காட்டிருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கும் முன்னாடி, 2003ல வந்த ஒண்ணு. கோம்ங்கிற பழைய சாட்டிலைட் கருவியோட டேட்டாவ கிழமை வாரியாப் பிரிச்சா, ஐரோப்பா அமெரிக்கா நகரங்கள்ல ஞாயித்துக்கிழமை அளவு இறங்குது, இஸ்ரேல்ல சனிக்கிழமை இறங்குது. எந்த ஊருக்கு என்னைக்கு லீவுன்னு வானத்துலருந்தே தெரியுது பாருங்க!

நம்ம ஊருல எல்லாம் தலைகீழு. சனிக்கிழமை ஆச்சுன்னா சில்வர் ஃபால்ஸ்லருந்து மூஞ்சிக்கல் வரைக்கும் வண்டி ஊரும், ஏத்தத்துல ஃபர்ஸ்ட் கியர்ல உறுமிக்கிட்டு நிக்கிற டூரிஸ்ட் பஸ் விடுற கரும்புகை நேரா பக்கத்துல சோளம் சுடுற அக்கா மூஞ்சிலதான் அடிக்குது. இது அந்த மேப்புல வராது. ட்ரோபோமியோட ஒரு கட்டமே 5.5க்கு 3.5 கிலோமீட்டர், அதுல முக்காவாசி நமக்கு சோலையும் பள்ளத்தாக்கும்தான். அதுவும் மத்தியானம் ஒன்றரை மணி வாக்குல ஒரு தடவ பாத்துட்டுப் போயிரும், சாயந்தர ஜாம் அதுக்குத் தெரியாது. அதுபோக அது சொல்றது தரைலருந்து மேல வரைக்கும் உள்ள மொத்த அளவு, மூக்குக்கு நேரா இருக்குற அளவு இல்ல. ஐப்பசி கார்த்திகைல மேகம் மூடிட்டா அதுவும் கிடையாது.

"மேப்பு கெடக்கட்டும் தம்பி, சாயங்காலம் மூக்கச் சிந்துனா தெரியும்"ங்கிறாரு ஜீப் ஓட்டுற அண்ணன் ஒருத்தரு.

கொரியாக்காரங்க 2020ல விட்ட ஜெம்ஸ்ங்கிற சாட்டிலைட் கருவி வானத்துல ஒரே இடத்துல நின்னு ஆசியாவப் பகல்ல மணிக்கொரு தடவ பாக்குது, ஆனா இந்தியா அதுக்கு மேற்கு ஓரம். அதையும் பெரிய சிட்டிக்குத்தான் நம்பலாம். நமக்கு வேணும்கிறது மூஞ்சிக்கல்ல ஒரு கம்பத்துல காத்த அளக்குற ஒரு மீட்டர். 2024 மே மாசத்துலருந்து கொடைக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் இருக்கு, என்னைக்கு எத்தன வண்டிக்குப் பாஸ் குடுத்தாங்கன்னு கணக்கு இருக்கும்ல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நகராட்சி வாசல்ல ஒட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம் சுத்தமா இல்லையான்னு.